இல்-பிசார் தெருவில் சித்தி கண்டது

மொன்றியலைச் சுற்றியுள்ள காடு கரைகளில் பெரிய பூனைச் சாதி மிருகம் ஏதும் ஒளித்துத் திரிகிறதோ இல்லையோ என்று தயவு செய்து என்னைக் கேட்காதேயுங்கோ. எனக்குத் தெரியாது. போன மாதம் கோயில் மண்டபத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது ஒரு தம்பி போனில் ஒரு படம் காட்டினார். ஆரோ காரில் போகும்போது எடுத்ததாம். மஞ்சளாய் ஒன்று தெருவைக் கடந்து புல்லுக்குள் போகிறது. "இது கூகார்தான், மலைச்சிங்கம், வாலைப் பாருங்கோ" என்றார் ஒருவர். "விசரே, அது கொழுத்த வீட்டுப்பூனை, கிட்டவா எடுத்தபடியாப் பெரிசாத் தெரியுது" என்றார் மற்றவர். சோறு ஆற ஆறச் சண்டை. "அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று என்னைக் கேட்டார்கள். நான் மோர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன்.

சொல்லத் தெரியாமல்தான் போனேன். என் வயதுக்காரர் நீங்கள், சின்னதில் தாய் தகப்பனோடு இங்கே வந்து இறங்கினவர்கள், உங்களுக்கென்றால் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை. பிழை இருந்தால் கோயில் அம்மாளாச்சி பொறுப்பாள், நீங்களும் பொறுங்கோ.

நாங்கள் வந்து இரண்டாவது இலையுதிர் காலம் அது. எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அதே கட்டிடத்தில் எங்கட ஆட்கள் வேறு பல குடும்பங்கள். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மற்ற வீட்டுக்காரர் சோறு போட்டுக்கொண்டு இருக்கலாம். ஹீட்டர் போட்ட முதல் நாள் வருமே, தூசி எரிகிற மாதிரி ஒரு மணம், அதுவும் நனைந்த கம்பளி மணமும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றுவரை கனடா.

அப்பா துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் சாமான் இறக்குகிற வேலை. அம்மா வீட்டில். அம்மாவின் தங்கச்சி, என் சித்தி, எங்களோடு இருந்தா. சித்திக்கு அப்போது இருபத்தைந்து இருக்கலாம். இல்-பிசாரில் தனியாய் இருந்த ஒரு வயசான பிரெஞ்சுக்கார மதாமுக்குச் சமைத்து, வீடு துடைத்து, மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. இல்-பிசார் தெரியும்தானே, தீவு. இப்போதும் அமைதியான இடம், அந்த நாளில் இன்னும் அமைதி. பெரிய வளவுகளில் தனித்தனி வீடுகள், இடையில் சதுப்பும் காடும். பஸ் வந்தால் உண்டு. மதாம் வீட்டிலிருந்து பஸ் தரிப்புக்கு நடக்கிற தெருவில் ஒரு பக்கம் மரம், மற்றப் பக்கம் ஆளுயர நாணற்புல்.

அந்த வருசம் சித்திக்கு ஒரு கலியாணம் பேசிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ரொறன்ரோவில். பொருத்தம் நல்லாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ரெலிபோன் எடுப்பார். சித்தி ரெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்துவா. வெளியே வரும்போது தண்ணீர் குடித்த செடி மாதிரி இருப்பா. "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டால், "அங்கையும் மழையாம்" என்பா. அவ்வளவு நேரம் மழையைப் பற்றியா என்று எனக்கு விளங்காது. மாப்பிள்ளையின் தமக்கை எங்கள் கட்டிடத்திலேயே முதலாம் மாடியில் இருந்தா. சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவதான். நாங்கள் அவவை 'மச்சாள்' என்று சொல்லிப் பழகத் தொடங்கியிருந்தோம்.

ஒரு பின்னேரம் சித்தி வேலையால் வந்தா. ஒரு காலில்தான் சப்பாத்து. மற்றக் காலில் சேறு பூசின மேசு மட்டும். தலைமயிர் குலைந்து, படியேறி மூச்சு வாங்கி, தோளெல்லாம் மழையில் நனைந்து கதவில் நின்றா. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தா.

"என்னடி பிள்ளை? ஆர் என்ன செய்தது?"

"ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை அக்கா. நான் ஒரு மிருகம் கண்டனான். தெருக்கரையிலை. சிங்கம் மாதிரி, பிடரி மயிர் இல்லாத சிங்கம்."

அப்பா பேப்பரை மடித்தார். "நாயாயிருக்கும்."

"நாய் இல்லை அத்தான்."

"நரி?"

"நரியை எனக்குத் தெரியாதே?"

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு நேரே சாமித்தட்டுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினா. அன்று வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்கிழமையிலை, பிள்ளையின்ரை சம்பந்தம் பேசிற நேரத்திலை, சிங்கம். இஞ்சாருங்கோ, அது அம்மாளின்ரை வாகனமப்பா."

"அம்மாளுக்கு இல்-பிசாரிலை என்ன அலுவல்?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அம்மா சொன்னதிலும் பிழையில்லை, அப்பா கேட்டதிலும் பிழையில்லை. அவள் எல்லா இடமும் இருக்கிறவள். இருந்தாலும் வாகனத்தை மட்டும் தனியாய் அனுப்புவாளோ? இதை நான் ஒரு முறை எங்கள் ஐயரிடமும் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுத் திருநீறு தந்தார்.

அடுத்த நாள் சித்திக்குக் காய்ச்சல். மழையில் நனைந்து, ஒரு காலில் சப்பாத்து இல்லாமல் அவ்வளவு தூரம் வந்தால் ஆருக்கும் வரும். ஆனால் அம்மா அப்படி நினைக்கவில்லை. "வெருண்டு போனாள்" என்றா. நீங்கள் அறிந்ததுதான், எங்கட ஊரில் ஒரு பிள்ளை எதையாவது கண்டு வெருண்டால் காய்ச்சல் வரும், பிதற்றும், சாப்பாடு இறங்காது. அதற்கு டொக்டர் சரிவராது. பார்வை பார்த்து நூல் கட்டவேண்டும். சித்தி பிதற்றவில்லை. சாப்பிட்டாவா என்றால், இரண்டு தரம் கஞ்சி குடித்தா. அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு, அடுத்த சனிக்கிழமை, அப்பா ஒரு முடிவோடு எழும்பினார். "வா, போய்ப் பாப்பம். நேரை பாத்தால் தெரிஞ்சிடும்." சித்தி, அப்பா, நான் மூன்று பேரும் மெட்ரோ எடுத்து, பஸ் மாறி மாறி இல்-பிசாருக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்றால், மதாமோடு பிரெஞ்சு கதைக்க ஆள் வேணும். பள்ளிக்கூடத்தில் எனக்குத்தான் அது கொஞ்சம் ஓடத் தொடங்கியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்கின காலம் அது.

மதாம் நல்ல மனுசி. எங்களை இருத்தி ஆளுக்கொரு கிளாஸ் ஆப்பிள் ஜூஸ் தந்தா. நான் எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன்: பெரிய, மஞ்சள், பூனை மாதிரி, ஆனால் பூனை இல்லை. மதாம் முதலில் சிரித்தா. "இங்கே அப்படி ஒன்றும் இல்லை, குஞ்சு. அது பக்கத்து வீட்டு நாய்." பிறகு தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "என் புருசனும் ஒரு தரம் ஏதோ கண்டதாய்ச் சொன்னார். அவர் அப்போது கொஞ்சம் குடிக்கிறவர்" என்றா. நான் இரண்டையும் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பக்கத்து வளவில் உண்மையிலேயே ஒரு நாய் நின்றது. கன்றுக்குட்டி அளவு. நிறமும் மஞ்சள்தான். வேலியில் இரண்டு காலையும் போட்டு எங்களைப் பார்த்து வாலாட்டியது. அப்பா பெரிய நிம்மதியோடு கையை நீட்டினார்.

"இந்தா உன்ரை சிங்கம்."

சித்தி அந்த நாயைக் கனநேரம் பார்த்தா. நாயும் சித்தியைப் பார்த்தது.

"இது இல்லை அத்தான்."

"ஏன் இல்லை? மஞ்சள். பெரிசு. இஞ்சையே நிக்குது."

"உதின்ரை வாலைப் பாருங்கோ. நான் கண்டதின்ரை வால் வேறை."

"பொழுதுபடேக்கை, மழைக்கை, வால் வடிவாத் தெரிஞ்சதோ?"

சித்தி நடக்கத் தொடங்கினா. அவ அந்த மிருகத்தைக் கண்ட இடத்தில், தெருக்கரைச் சேற்றில் தடங்கள் இருந்தன. அப்பா குந்தியிருந்து தன் உள்ளங்கையை ஒன்றின்மேல் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய நிரம்பியது. "நாய்தான்" என்று எழும்பினார். பூனைச் சாதி நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயின் தடத்தில் நகம் பதியும் என்று பிற்காலம் ரீவியில் பார்த்து அறிந்தேன். அன்றைக்கு அந்தத் தடத்தில் நகம் பதிந்திருந்ததா? கண்ணை மூடி எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சேறு தெரிகிறது, அப்பாவின் கை தெரிகிறது, ஒரு மஞ்சள் இலை ஒட்டியிருந்தது தெரிகிறது. நகம் மட்டும் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா கம்பத்தில் ஒட்டியிருந்த நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று இல்லை. நாணற்புல் முழுக்க அசையாமல் நின்றது. ஒரு இடத்தில் மட்டும், ஆளொருவர் கையால் விலக்கிக்கொண்டு போகிற மாதிரி, புல்லின் தலை ஒரு கோடாய் வளைந்து வளைந்து காட்டுப் பக்கம் போனது. சத்தமே இல்லை. நான் சித்தியின் கோட்டைப் பிடித்தேன். சித்தி குனிந்து, "கண்டனியோ?" என்றா.

"தெரியேல்லைச் சித்தி" என்றேன்.

அதுதான் உண்மை. மான் ஆயிருக்கலாம். அந்த நாயே அவிழ்ந்து வந்திருக்கலாம். சித்தி என் தலையைத் தடவிவிட்டு, "சரி, பறவாயில்லை" என்றா.

கண்ணுக்கு முன்னால் நாயைக் காட்டியும் நாயில்லை என்கிறாளே, இது வெருண்ட வருத்தம்தான் என்று அப்பாவும் அம்மாவின் பக்கம் சாய்ந்துவிட்டார். அன்றிரவே பேச்சு முடிந்தது. மச்சாள் வீட்டுக்குத் தெரியாமல், காதும் காதும் வைத்த மாதிரி, பார்வை பார்த்துவிடுவது. "பொம்பிளைக்கு ஏதோ கோளாறாம் எண்டு ஒரு சொல் வெளியிலை போனால் சம்பந்தம் போச்சு" என்று அம்மா என்னையும் இருத்திச் சொன்னா. சித்தி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. "எனக்கு ஒண்டுமில்லை அக்கா. செய்தால்தான் உங்களுக்கு நித்திரை வருமெண்டால் செய்யுங்கோ" என்றா.

பார்வை பார்க்கிறவர் ஒரு அண்ணை. டவுன்டவுனில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற வேலை, ஊரில் அவருடைய தகப்பன் இதில் பேர்போனவராம். வேப்பிலை வேணும். மொன்றியலில், அதுவும் அந்தக் காலத்தில், வேப்பிலைக்கு எங்கே போவது? அண்ணை ரெயில் பாதைக் கரையில் முறித்ததென்று ஒரு கொப்போடு வந்தார். இலை ஒழுங்காய் வேப்பிலை மாதிரித்தான், ஓரம் அரம் போட்டபடி. ஆனால் இலையுதிர் காலமல்லவா, இரத்தச் சிவப்பு.

"அண்ணை, இது வேம்பில்லையே" என்றார் அப்பா.

"இலையிலை என்ன கிடக்கு? மந்திரத்திலைதான் கிடக்கு."

"அப்ப இலை இல்லாமலே செய்யலாமே?"

"நீர் சும்மா இரும், அவர் செய்யட்டும்" என்று அம்மா அப்பாவை அடக்கினா. அப்பாவை அவ 'நீர்' என்றது என் வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான்.

சித்தியைக் குசினிக்குள் கதிரையில் இருத்தினார்கள். அண்ணை முணுமுணுத்து அந்தச் சிவத்தக் கொப்பால் தலையிலிருந்து கால்வரை தடவினார். நெற்றி நிறையத் திருநீறு. கையில் மஞ்சள் பூசின நூல். அத்தோடு விட்டிருக்கலாம். கண்ணூறும் இருக்கும் என்று அம்மா சொல்ல, அண்ணை செத்தல் மிளகாயும் உப்பும் ஒரு பிடி எடுத்துச் சுற்றி, சட்டியில் கற்பூரத்தோடு போட்டு அடுப்பில் வைத்தார். ஊரில் இதை முற்றத்தில் செய்வோம். புகை வானத்துக்குப் போகும். இங்கே யன்னல் எல்லாம் குளிருக்குப் பூட்டி, பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தது.

முதலில் தும்மல். பிறகு இருமல். பிறகு அண்ணையே கண்ணைப் பொத்திக்கொண்டு மந்திரத்தை நிறுத்தினார். அப்பா வாசற்கதவைத் திறந்துவிட்டார். அதுதான் பிழை. புகை முழுக்கக் கொரிடோருக்குள் போனது. கட்டிடத்தின் ஃபயர் அலாம் அடிக்கத் தொடங்கியது.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். மாடி மாடியாய்க் கதவுகள் திறந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை நிற்பாட்டியும் நிற்பாட்டாமலும், சாரத்தோடும் சோட்டியோடும் எல்லாரும் இருமிக்கொண்டு படியால் இறங்கினார்கள். கட்டிடம் பார்க்கிறவர் பிரெஞ்சில் கத்திக்கொண்டு மேலே ஓடினார். ஃபயர் வண்டி இரண்டு வந்தன. தெருவில், குளிரில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கட சனம் முழுக்க அணிவகுத்து நிற்க, நடுவில் நெற்றி நிறையத் திருநீறும் கையில் மஞ்சள் நூலும் தோளில் ஒட்டின சிவத்த இலையுமாய் என் சித்தி நின்றா. பக்கத்தில் சட்டியைக் கோட்டுக்குள் ஒளித்தபடி அண்ணை. மச்சாள் ரோட்டின் மற்றக் கரையில் நின்று, மேலே பார்த்தா, கீழே பார்த்தா, பிறகு சித்தியையே பார்த்தா.

"நல்ல காரம் பிடிச்ச மிளகாய்" என்றார் ஒரு கிழவர். "ஆருக்குப் பாத்தது?"

எல்லார் கண்ணும் சித்தியின் நெற்றிக்குப் போனது. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து மச்சாள் வீட்டுக்கு வந்தா. அதற்கு முன் அம்மா சித்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டது எனக்கு நல்ல ஞாபகம்.

"நாய் எண்டு சொல்லடி. ஒரு சொல்லு. நாயைக் கண்டு பயந்திட்டன் எண்டு சொல்லு. நாய்க்குப் பயப்பிடாத பொம்பிளை ஆர்? அவவும் சிரிச்சிட்டுப் போயிடுவா."

"நான் காணாததைக் கண்டனெண்டு சொல்லவோ?"

"உனக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருக்கோ இல்லையோ?"

சித்தி நிலத்தைப் பார்த்தா. "பிடிச்சிருக்கு" என்று மெல்லச் சொன்னா. அம்மா அழத் தொடங்கிவிட்டா.

மச்சாள் வந்து இருந்தா. சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நூல் தெரியாமல் இருக்கக் கைநீளச் சட்டை. மச்சாள் கெட்டவ இல்லை. குரலைத் தாழ்த்தி, அன்பாய்த்தான் கேட்டா.

"பிள்ளை, நான் ஒளிக்காமல் கேக்கிறன். நீர் என்னவோ கண்டு பயந்ததெண்டு கதைக்கினம். நாய்தானே?"

அப்பா முந்திக்கொண்டார். "நாய்தான். நானும் போய்ப் பாத்தனான். கன்றுக்குட்டி மாதிரி ஒரு நாய்."

"அவ சொல்லட்டும் அண்ணை."

ஹீட்டர் டொக் டொக்கென்றது. சித்தி தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றா. இப்போதும் அந்த நேரத்தை நினைக்கும்போது, 'நாய் எண்டு சொல்லுங்கோ சித்தி' என்று என் வாய் தானாய் அசையும். இவ்வளவு காலத்துக்குப் பிறகும்.

"நாய் இல்லை அக்கா" என்றா சித்தி. "என்ன மிருகமெண்டு எனக்குத் தெரியாது. ஆனா நாய் இல்லை."

மச்சாள் தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. அந்த மரியாதைக்குக் குறைவில்லை. போகும்போது அம்மாவிடம், "பிள்ளையை வடிவாக் கவனியுங்கோ" என்றா. அடுத்த ஞாயிறு ரெலிபோன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. சித்தி குளியலறைக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தா.

எனக்கு இப்போது அதிசயமாய்த் தெரிகிற ஒன்று, அப்போது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மச்சாள் வந்துபோன அடுத்த திங்கட்கிழமை சித்தி வழமை போல இல்-பிசாருக்கு வேலைக்குப் போனா. அதே தெருவால். பிறகு மதாம் சீவனோடு இருந்த மட்டும், மழை, பனி, இருட்டு என்று பார்க்காமல் அதே நாணற்புல்லைக் கடந்து போய் வந்தா. வெருண்டு போனவள் அப்படிப் போவாளோ? அம்மாவைக் கேட்டால், "நூல் வேலை செய்யுதல்லோ" என்றிருப்பா.

பிறகு வேறு சம்பந்தங்கள் வந்தன, ஒன்றும் சரிவரவில்லை. சித்தி ஒரு கார்டெரியில் பிள்ளைகள் பார்க்கிற வேலைக்குப் போய், அதிலேயே பென்சன் எடுத்தா. இப்போது என்னோடுதான் இருக்கிறா. என் பிள்ளைகள் மூன்று பேரும் அவவின் மடியில் வளர்ந்தவர்கள்.

நானும் வளர்ந்து, கலியாணம் கட்டி, உலகம் கொஞ்சம் விளங்கின பிறகு எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. உங்களுக்கும் இதற்குள் வந்திருக்கும். தனித் தெரு, பொழுதுபடுகிற நேரம், இளம் பெட்டை, ஒரு காலில் சப்பாத்து. அது மிருகமாய் இருக்காது, ஆரோ மனிசன் என்று நினைத்தேன். பல வருசம் அதை நெஞ்சுக்குள் வைத்து, அம்பாளுக்கு விளக்கேற்றும்போதெல்லாம் சித்திக்காக அழுதிருக்கிறேன். ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது துணிந்து கேட்டேன்.

"சித்தி, அண்டைக்கு உங்களை ஆராவது... ஒரு ஆம்பிளை..."

சித்தி கத்தியைக் கீழே வைத்தா. அவ கோபப்பட்டு நான் கண்டது குறைவு.

"முதலிலை அம்மாளின்ரை வாகனம் எண்டியள். பேந்து நாய் எண்டியள். பேந்து கோளாறு எண்டு நூல் கட்டினியள். இப்ப ஆம்பிளையோ? அண்டைக்கு அந்தத் தெருவிலை ஒரு ஆம்பிளையும் இல்லை."

"அப்ப ஏன் அப்பிடி ஓடி வந்தனீங்கள்?"

"பஸ் வந்திட்டுது. விட்டால் அடுத்தது எப்ப எண்டு ஆருக்குத் தெரியும்? ஓடினன். சப்பாத்துச் சேத்துக்கை புதைஞ்சிட்டுது. எடுக்க நிண்டால் பஸ் போயிடும்."

"பயப்பிடேல்லையோ?"

"பயப்பிடவும் நேரம் வேணுமல்லோ" என்று திரும்ப வெங்காயத்தை வெட்டத் தொடங்கினா. எனக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. ஒரு பஸ்ஸுக்கு ஓடினதைக் கோளாறென்று நினைத்து, நாங்கள் ஒரு கட்டிடத்தையே தெருவில் இறக்கியிருக்கிறோம். ஆனால் அதற்காக மிருகம் உண்மையென்று ஆகுமா? படித்தவர்கள், காட்டிலாகாக்காரர், அப்படி ஒன்று இந்தப் பக்கம் குடியிருக்கவில்லை என்கிறார்கள். கண்டோம் என்கிறவர்களும் ஓயவில்லை. சித்தி பொய் சொல்லாத மனுசி. பொய் சொல்லாதவர்களின் கண்ணும் பிழைக்கும்தானே. நான் ஒரு நாள் இந்தப் பக்கம் நினைப்பேன், ஒரு நாள் அந்தப் பக்கம்.

இந்தக் கோடையில் மச்சாளின் பேத்திக்குக் கலியாணம். லவாலில் ஒரு மண்டபம். எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். தாலி கட்டி முடிந்து சனம் கதிரைகளில் பரவியிருந்த நேரம், நரைத்த தலையோடு ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். கோட் சூட், நெற்றியில் சந்தனம். நான் ஒரு நாளும் கண்டதில்லை. சித்தி படத்தில் கண்டவ. உடனே நிமிர்ந்து இருந்தா.

"என்னைத் தெரியுதோ?" என்றார்.

"ஓம். ரொறன்ரோ."

"இருக்கலாமோ?"

"இருங்கோ."

மனிசி மோசம் போய் மூன்று வருசமாகிறது என்றார், இரண்டு பெடியள் என்றார். சித்தி தலையாட்டினா. ரொறன்ரோவில் மழையோ என்று கேட்டா. இல்லை, வெய்யில் என்றார். பிறகு இரண்டு பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பிப் போகலாமோ என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார், சித்தி என்ன செய்யப் போகிறாவோ என்று நினைத்தேன்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"ஒண்டு கேக்க வேணுமெண்டு கனகாலமாக் கிடந்தது. அக்கா வந்து சொன்ன நாளிலையிருந்து. நீங்கள் பிழையா நினைக்கக் கூடாது." ஒரு சின்னப் பெடியன் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "அது எப்பிடி இருந்தது?"

சித்தி அவரைப் பார்த்தா. எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. சரியோ, நிச்சயமோ, நாயில்லையோ, மனிசன் இல்லையோ என்று எத்தனை கேள்வி கேட்டிருக்கிறோம். இந்த ஒன்றை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"பால் விட்ட தேத்தண்ணி நிறம்" என்றா சித்தி. "வயித்துப் பக்கம் வெள்ளை. காது வட்டம், சின்னன். தலை உடம்புக்குக் காணாது, சின்னத் தலை. தெருக்கரையிலை இருந்து முன்னங்கையை நக்கிக்கொண்டிருந்தது."

"உங்களைப் பாத்ததோ?"

"ஒருக்காப் பாத்தது. பேந்து தன்ரை வேலையைப் பாத்தது."

"வால்?"

சித்தி இரண்டு கையையும் விரித்தா. அது போதாது என்று ஒரு பக்கம் என் தோளைத் தாண்டி நீட்டினா. "ஆரோ போட்டிட்டுப் போன கயிறு மாதிரித் தெருவிலை கிடந்தது. நுனி கறுப்பு." கையை மடியில் வைத்து, "கழுத்திலை ஒரு பட்டி மாதிரிக் கிடந்தது" என்றா.

"பட்டியோ?" நானும் அவரும் ஒன்றாய்க் கேட்டோம்.

"பட்டியோ, மயிரிலை ஒரு நிற மாறாட்டமோ, மழைக்கை வடிவாத் தெரியேல்லை."

பட்டி என்றால் ஆரோ வளர்த்த மிருகம். ஆரோ பணக்காரன் வளவுக்குள் ஒளித்து வளர்த்து, அவிழ்ந்து வந்தது. அப்படியென்றால் அன்றைக்கே விசாரித்திருக்கலாம், மதாமைக் கேட்டிருக்கலாம், எல்லாம் வெளித்திருக்கும். அல்லது நிற மாறாட்டம் என்றால் காட்டு மிருகம். அல்லது, அம்மாளே, உன் வாகனத்துக்குக் கழுத்தில் ஆரம் இருக்கும்தானே? நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"சித்தி, இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"ஆர் கேட்டனீங்கள்?" என்றா, என்னைப் பாராமலே.

மேடையிலிருந்து மச்சாளின் மகள் கையைக் காட்டிக் கூப்பிட்டா. குடும்பப் படம் எடுக்க வேணுமாம், மாமாவை வரட்டாம். நான் எழும்பிப் போய், "கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை, பேந்து வருவார்" என்றேன். "கமராக்காரர் நிக்கிறார் அன்ரி" என்றா. "நிக்கட்டும்" என்றேன். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

நான் திரும்பி வரும்போது அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "பேந்து எப்பிடிப் போனது? பாய்ஞ்சதோ?"

"இல்லையில்லை. எழும்பி நடந்தது. மெல்லமா." சித்தி கையால் காட்டிப் பார்த்தா. சரிவரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. முழங்கால் வருத்தக்காரி, கூறைச் சீலை மாதிரி மொத்தமான பட்டுச் சீலை வேறு. தோளை ஒன்று மாற்றி ஒன்றாய் உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துக் கதிரைகளுக்கு இடையில் நடந்தா. அடுத்த மேசைச் சனம் கதையை நிற்பாட்டித் திரும்பிப் பார்த்தது. ஆரோ ஒரு பிள்ளை சிரித்தது. அவர் மட்டும் முழங்காலில் கையை ஊன்றி, இமைக்காமல் அந்த நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தியின் வழியில் ஒரு கதிரை கிடந்தது. நான் அதை இழுத்து ஒதுக்கினேன்.